தேத்தண்ணித் தண்டனை

இன்றைக்கு மதியத்துக்குள் நான் ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டேன், ஒரு கணவனை இனி வேண்டாமென்று சொல்லிவிட்டேன், சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று மருந்தும் எழுதி வாங்கிவிட்டேன். இதில் ஒன்றுகூட எனக்கு நடந்ததில்லை. நல்லவேளை, இன்றைக்குப் புதன்கிழமை.

செல்வமலர் இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று கையுறையை மாட்டியபடி தனக்குள் நினைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். ஒஸ்லோவில் அவளுக்கு டொல்க் வேலை. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கும் நோர்வே மொழி மட்டும் தெரிந்தவருக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. நோயாளி "எனக்கு நோகுது" என்றால், மலரும் வைத்தியரிடம் "எனக்கு நோகிறது" என்றே சொல்ல வேண்டும். "அவருக்கு நோகிறதாம்" என்று சொன்னால் அது வேலை தெரியாதவர் செய்கிற பிழை. தனக்கே ஏதும் விளங்காவிட்டால்தான் சிக்கல். அப்போது "எனக்கு விளங்கவில்லை" என்று சொல்ல முடியாது. "மொழிபெயர்ப்பாளருக்கு விளங்கவில்லை" என்று, யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிப் பேசுவதுபோலச் சொல்ல வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக மலர் தன்னுடைய "நான்" என்ற சொல்லை ஊருக்கெல்லாம் வாடகைக்குக் கொடுத்துவந்தாள். அது திரும்பி வரும்போது களைத்துப்போய் வந்து படுத்துக்கொள்ளும்.

வீட்டிலும் அது எழும்புவதில்லை. கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது என்பது வேலையின் இன்னொரு விதி. "இண்டைக்கு என்ன புதினம்?" என்று கணவர் றெஜினோல்ட் கேட்டால் "ஒண்டுமில்லை" என்பாள். சொல்லக் கூடாதவற்றைச் சொல்லாமல் பழகி, சொல்லக்கூடியவையும் நின்றுபோயின. றெஜினோல்ட்டுக்கு அது குறையாகப் படவில்லை. அவர் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைப்பார். தபால் பிரிக்கும் இடத்தில் வேலை, மாதா கோயிலில் ஞாயிறு பாட்டு, பக்கத்து வீட்டு நாய், எல்லாம் கதைப்பார். நடுவில் தொலைக்காட்சியில் யாராவது நோர்வே மொழியில் முணுமுணுத்தால், "என்னவாம்?" என்று மலரைப் பார்ப்பார். அவருக்கு மொழி நன்றாகவே தெரியும். துரொண்ட்ஹெய்மில் படிக்கிற மகள் அனுஷாவுக்குத் தமிழும் நன்றாகவே தெரியும். ஆனாலும் அவள் தொலைபேசியில் "அப்பாட்டச் சொல்லுங்கோ" என்பாள், அவர் பக்கத்தில் இருந்துகொண்டு "அவளிட்டச் சொல்லும்" என்பார். மலர் நடுவில் கதிரையைப் போட்டுக்கொள்வாள்.

இந்த வாழ்க்கைக்குள் புதன்கிழமை வந்தது ஒரு கண்ணாடிக் குவளையால்.

போன இலையுதிர் காலத்தில், சத்திரசிகிச்சைக்கு முன் ஒரு தமிழ்ப் பெரியவருக்கு மயக்கமருந்து பற்றி விளங்கப்படுத்திக்கொண்டிருந்த தாதி, முழங்கையால் குவளையைத் தட்டிவிட்டாள். அது நிலத்தில் விழுந்து சிதறியது. தாதி குனிந்து பார்த்து ஏதோ சொன்னாள். நோர்வே மொழியில்லை, ஆங்கிலமுமில்லை.

"என்ன பிள்ளை சொல்லுறா?" என்று பெரியவர் கேட்டார்.

அறையில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் மாற்றிச் சொல்வது மலரின் கடமை. அவள் இரண்டு மொழியிலும் ஒருமுறை சொன்னாள்: "மொழிபெயர்ப்பாளருக்கு விளங்கவில்லை."

தாதி நிமிர்ந்து சிரித்தாள். சிவந்த முகம், காதோரம் நரை. க்ரோன்யா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாள். "ஸ்மிஜிரீனி என்று சொன்னேன். அயர்லாந்தில் எங்கள் மொழி. ஆங்கிலக்காரர் 'ஸ்மிதரீன்ஸ்' என்பார்களே, அது எங்களிடமிருந்து போனதுதான். இப்படித் துகள் துகளாகப் போவதற்கு."

மலர் அதைத் தமிழில் சொல்லி முடிக்குமுன் பெரியவர் தலையாட்டினார். "ஓம், ஓம். சுக்குநூறு."

அன்றைக்கு, வீடு இருக்கிற ஹவுகெட்டோவுக்குத் திரும்பும் ரயிலில் அந்தச் சொல் மலரின் வாயில் ஒரு கற்கண்டுத் துண்டுபோலக் கிடந்தது. ஸ்மிஜிரீனி. யாருக்கும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதில்லை. யாரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. காதுக்குள் வந்த ஒன்று வாய்வழியே போகாமல் உள்ளேயே இருந்தது எவ்வளவு காலத்துக்குப் பிறகு என்று யோசித்தாள். கண் கலங்கியது, ஏனென்று தெரியவில்லை. எதிரே இருந்தவர் பார்ப்பதைக் கண்டு யன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

அடுத்தமுறை நடைபாதையில் க்ரோன்யாவைக் கண்டபோது, இன்னொரு சொல் இருக்கிறதா என்று கேட்டாள். க்ரோன்யா அவளைப் புதன்கிழமைக்குக் கூப்பிட்டாள்.

க்ரூனெர்லொக்காவில் சைக்கிள் திருத்தும் கடைக்கு மேலே ஒரு அறை. புதன்தோறும் சிலர் அங்கே கூடி, க்ரோன்யாவின் மொழியான ஐரிஷைப் பேசிப் பழகுவார்கள். படியேறும்போதே எண்ணெயும் ரப்பரும் மணக்கும். க்ரோன்யா முதல் நாள் வாசலிலேயே மலரை மறித்து, நோர்வே மொழியில் விதியைச் சொன்னாள். "இதற்குப் பிறகு உள்ளே ஐரிஷ் மட்டும்தான். தெரியாவிட்டால் கையால் காட்டு, நடித்துக் காட்டு, படம் வரை. மொழிபெயர்க்க மட்டும் கூடாது. மொழிபெயர்த்தவர் எல்லாருக்கும் தேநீர் போட வேண்டும்."

மொழிபெயர்க்கக் கூடாது. மலர் அந்த வாசலில் கொஞ்சம் நின்றாள். செருப்பைக் கழற்றச் சொன்னதுபோல இருந்தது. கழற்றிவிட்டு உள்ளே போகலாம் என்று யாரோ சொல்லும்வரை அது காலில் கிடப்பதே தெரியாமல் இருந்திருக்கிறது.

உள்ளே நாலைந்து பேர் வட்டமாக இருந்தார்கள். க்ரோன்யா "ஜீய க்விட்ச்" என்றாள். கடவுள் உன்னோடு என்பதுபோல மேலே காட்டி, பிறகு எதிரில் இருந்தவரைக் காட்டினாள். அவர் ஸ்வேரெ, ஓய்வுபெற்ற பல் வைத்தியர். அவர் பதிலுக்கு மாதாவையும் சேர்த்துச் சொன்னார்: "ஜீயஸ் முர்ரெ க்விட்ச்." வணக்கம் சொன்னவரைவிட ஒரு புனிதர் கூடுதலாகச் சொல்லித் திருப்ப வேண்டும், அதுதான் அவர்கள் மரியாதை. அடுத்தவர் பட்ரிக்கைச் சேர்த்தார். அதற்கடுத்தவர் பிரிஜித்தம்மாவை. வட்டம் சுற்றி மலரிடம் வந்து நின்றது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அயர்லாந்துப் புனிதர் யாரும் அவளுக்குத் தெரியாது. பதற்றத்தில், யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரிக்கு எது முதலில் வருமோ அது வந்தது.

"…அந்தோனியார்," என்றாள், தன் ஊர்க் கோயிலின் புனிதரை.

க்ரோன்யா கை தட்டினாள். மலருக்கு அடுத்த கதிரையில் இருந்த இளைஞன் தன் முறை வந்ததும், மாதா, பட்ரிக், பிரிஜித், அந்தோனியார் எல்லாரையும் வரிசையாகச் சொல்லி, கடைசியில் மிகவும் பக்தியோடு "பிள்ளையார்" என்று முடித்தான். மலர் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவன் கண்ணைச் சிமிட்டினான். அன்றிலிருந்து அந்த அறையில் அதுதான் முழு வணக்கம். ஸ்வேரெகூடப் பிள்ளையாரைத் தவறவிடுவதில்லை.

அவன் ராகவன். கோயம்புத்தூர். அயர்லாந்தில் லிம்ரிக்கில் மேற்படிப்பு முடித்து ஒஸ்லோவுக்கு மென்பொருள் வேலைக்கு வந்தவன். உள்ளே இரண்டு தமிழரும் "இது கதவு, அது யன்னல்" என்று உடைந்த ஐரிஷில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, படியிறங்கித் தெருவுக்கு வந்ததும்தான் தமிழில் பேசுவார்கள்.

"அக்கா, கடை வாசல்ல 'ஆஃபர்ஸ் கலோர்'னு போடுறாங்கல்ல, அந்தக் கலோர் இவங்களோடது. 'கு லோர்'னா நிறைய. விஸ்கியும் இவங்களோடதுதான், உயிர்த் தண்ணின்னு அர்த்தம். எங்க மேனேஜர் மாசத்துக்கு ஒரு ஸ்லோகன் குடுப்பாரு. அந்த வார்த்தையும் இவங்க பக்கத்துதான், அந்தக் காலத்துல சண்டைக்குப் போறப்போ போட்ட சத்தமாம்."

"அப்ப நீர் மாசத்துக்கொருக்கால் சண்டைக்குப் போறீர்."

"ஆமாக்கா, எக்ஸெல் ஷீட்டோட." அவன் சிரித்தான். "ஆனா 'க்ரக்'னு ஒண்ணு சொல்றாங்க பாருங்க, ஜாலியாப் பேசிட்டிருக்கிறதுக்கு. அது மட்டும் இங்கிலீஷ்ல இருந்து போனது. போய், ஐரிஷ் டிரெஸ் மாட்டிக்கிட்டு, இங்கிலீஷுக்கே திரும்பி வந்து உக்காந்திருக்கு. எங்க சித்தப்பா சிங்கப்பூர் போயிட்டு வந்த மாதிரி."

மலர் தெருவில் நின்று சிரித்தாள். தமிழில் இப்படிச் சிரித்து நாளாகிவிட்டது என்பதும் நினைவுக்கு வந்தது.

தண்டனைக்கு வருவோம். முதல் நாளே ஸ்வேரெ பெருமூச்சு விட்டு "தா துர்ஷ ஒரம்" என்றார். அவர் முகத்திலிருந்து பொருளைப் பிடித்துக்கொண்ட மலரின் வாய், அவர் முடிக்குமுன்பே, நோர்வே மொழியில், தெளிவான குரலில், "நான் களைத்துப்போய் இருக்கிறேன்" என்றது. மலர் சொல்லவில்லை. வாய்தான் சொன்னது. க்ரோன்யா மூலையில் இருந்த கேத்தலைக் காட்டினாள்.

அன்றைக்கு அங்கிருந்த தேயிலைப் பைகளை வெந்நீரில் நனைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போதே வெட்கமாக இருந்தது, இதையெல்லாம் மனிதருக்குக் கொடுக்கலாமா என்று. அடுத்த புதன் தேயிலைத் தூள், ஒரு துண்டு இஞ்சி, நாலு ஏலக்காய், ஒரு சின்னச் சட்டி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். தண்டனை நிச்சயம் என்று தெரிந்தே போனாள். அப்படியே நடந்தது. பால் பொங்கி வந்த வாசனை கீழே சைக்கிள் கடைவரை போயிற்று. க்ரோன்யா ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடி, நீளமாக ஒரு வாக்கியம் சொன்னாள். மலரின் வாய் அந்த முகத்தைப் பார்த்தே உடனே நோர்வே மொழியில், "கடவுளே, நான் இனி ஏன் வீட்டுக்குப் போக வேண்டும்" என்றது. ஆகவே இரண்டாவது சட்டியும் வைக்க வேண்டியதாயிற்று.

"குப்பான் தே" என்பது அவர்களுடைய சொல், ஒரு கோப்பை தேநீர்.

"தேத்தண்ணின்னா என்னக்கா, தண்ணி டீயா?" என்று ராகவன் தெருவில் கேலி பண்ணினான்.

"தம்பி, அவை 'தே' எண்டுகினம். நாங்கள் 'தேத்தண்ணி' எண்டுறம். டீ, டீ எண்டு நீர்தான் தனிய நிக்கிறீர்."

தேநீரோடு மலர் இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். தட்டை நீட்டினால் க்ரோன்யா முதலில் வேண்டாம் என்பாள். மறுபடி நீட்டினால் ஐயோ, உண்மையாகவே வேண்டாம் என்பாள். மூன்றாம் முறை நீட்டியதும் இரண்டு பிஸ்கட் எடுப்பாள். மலரும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் முதல்முறை கேட்டதும் எடுத்தால் சாப்பாட்டுக்கு அலந்துபோய் வந்தவள் என்பார்கள். முதல் இரண்டு "வேண்டாம்" வெறும் மரியாதை, மூன்றாவது தடவை கேட்பது கேட்பவரின் கடமை. ஸ்வேரெக்கு இது பிடிபடவேயில்லை. முதல் "வேண்டாம்" கேட்டதுமே தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிறகு இரண்டு பெண்களும் மேசையின் மறுபுறம் போகும் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மொழிபெயர்க்காமல் "சந்தோசம்" என்பதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? க்ரோன்யா தன் கம்பளிச் சால்வையைக் கழற்றி மலரின் தோளில் போட்டாள். வாயைக் காதுவரை விரித்துச் சிரித்துக் காட்டி, "தா ஆஹஸ் ஒரம்" என்றாள். பிறகு சால்வையை எடுத்து உதறி மறுபடி போட்டு, கொட்டாவி விட்டுக் காட்டினாள்: "தா துர்ஷ ஒரம்." பசி, பயம், வெட்கம் எல்லாமே இப்படித்தான், மேலே வந்து விழுகிற சால்வைகள். யாரும் சந்தோசமாக "இருப்ப"தில்லை. அது அவர்கள் மேல் இருக்கிறது. மலர் அன்றிரவு அதைத் தமிழோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். ஒப்பிடுவதும் வேலைதான். தோளில் கம்பளியின் கனம் மட்டும் இருந்தது, அது போதும்.

பனி உருகத் தொடங்கிய ஒரு புதனில், ஸ்வேரெ வழக்கம்போலப் பெருமூச்சு விட்டு "தா துர்ஷ ஒரம்" என்றார். மலர் அவர் தோளில் ஒரு சாம்பல் நிறச் சால்வையைக் கண்டாள். அவ்வளவுதான். வாய் அசையவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளும் அவர்களைப் பார்த்தாள். தன்னுடைய வாய் தன்னிடமே திரும்பி வந்திருப்பது அவளுக்கு மெல்லத்தான் தெரிந்தது.

மற்றவர்களுக்கு அது பேரிழப்பு. அன்றைக்குத் தேத்தண்ணி இல்லை. அடுத்த வாரமும் இல்லை. க்ரோன்யா வேண்டுமென்றே கஷ்டமான வாக்கியங்களை மலருக்கு நேரே நின்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். ராகவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடித்தான். மலர் உதட்டை மடித்துக்கொண்டு இருந்தாள். கடைசியில் ஸ்வேரெ பொறுக்கமாட்டாமல் தானே ஒரு சொல்லை நோர்வே மொழியில் சொல்லித் தண்டனையை வாங்கிக்கொண்டு, தன் கையால் போட்டுக் கொண்டுவந்தார். எல்லோரும் ஒரு வாய் குடித்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, எந்த மொழியிலும்.

மலர் எழுந்து போய்ச் சட்டியை எடுத்தாள். தண்டனை இல்லாமல், தானாக.

மே மாதம் முடிய, கோடை விடுமுறைக்கு முன் குடும்பத்தாரையும் அழைத்து ஒரு மாலை வைப்பதென்று க்ரோன்யா முடிவு செய்தாள். ஒவ்வொருவரும் எழுந்து தன்னைப் பற்றி ஐரிஷில் கொஞ்சம் பேச வேண்டும். படியில் மலரைப் பிடித்து, சங்கடத்தோடு நோர்வே மொழியில் கேட்டாள்: "விருந்தினருக்கு ஒன்றும் விளங்காதே. அன்றைக்கு மட்டும் நீ நோர்வே மொழியில் சொல்ல மாட்டாயா? உன்னைப்போல இங்கே யாருக்கு முடியும்?"

"ஓம்" என்று மலரின் தலை ஆடிவிட்டது. வாய்தான் திரும்பி வந்திருந்தது, தலை இன்னும் வரவில்லைபோல. ரயிலில் போகும்போதுதான் அது உறைத்தது. புதன்கிழமைக்குள்ளும் கதிரையைக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். இல்லை, அவர்கள் போடவில்லை, நானேதான் தூக்கிக்கொண்டு வந்தேன். இந்த ஒரு நாளும் போனால், அதன் பிறகு எங்கே போய் வைப்பேன் என்னை? அந்தக் கிழமை முழுவதும் அவள் ஆஸ்பத்திரியிலும் அலுவலகங்களிலும் மற்றவர்களுடைய "நான்"களைச் சொல்லிக்கொண்டு, அடியில் தன்னுடைய நாலு வாக்கியங்களை ஐரிஷில் அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாலை றெஜினோல்ட் சேர்ட்டுக்கு இஸ்திரி போட்டு, தலைக்குத் தண்ணீர் வைத்துச் சீவிக்கொண்டு வந்தார். "ஐரிஷ் எண்டு போட்டு, பியர் ஒண்டையும் காணேல்லை," என்று படியேறும்போதே குறைப்பட்டார். உள்ளே போனதும் ஸ்வேரெ அவருக்கு மாதாவிலிருந்து பிள்ளையார்வரை முழு வணக்கமும் சொன்னார். றெஜினோல்ட் மலரைத் திரும்பிப் பார்த்தார். "அந்தோனியார் என்னெண்டு இஞ்சை வந்தவர்?"

"நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

யன்னல்கள் திறந்திருந்தன. எட்டு மணிக்கும் வெயில் சுவரில் கிடந்தது. ஸ்வேரெ எழுந்து தன் படகைப் பற்றிப் பேசினார். மலர் பக்கத்தில் நின்று நோர்வே மொழியில், "எனக்கு ஒரு கட்டமரான் படகு இருக்கிறது, மனைவிக்கு அதைப் பிடிக்காது" என்றாள். மனைவி முன்வரிசையிலிருந்து "உண்மை" என்றார். அந்தப் படகின் பெயரே தமிழிலிருந்து போனதுதான் என்று ராகவன் கையால் இரண்டு மரங்களைச் சேர்த்துக் கட்டிக் காட்டினான். பிறகு அவன் பேசினான். மலர், "லிம்ரிக்கில் மழை பெய்யும்போது எனக்குத் தனிமையாக இருந்தது, இப்போது மழை இல்லாதபோது தனிமையாக இருக்கிறது" என்றாள். க்ரோன்யாவுக்காக, "என் பாட்டி பேசியதை நான் ஒஸ்லோவில் பேசுவேன் என்று நினைக்கவேயில்லை" என்றாள். வேலை சுத்தமாக நடந்தது. எல்லாரும் அவள் வாயால் தாங்களாக இருந்தார்கள்.

பிறகு அவளுடைய முறை.

மலர் பக்கத்திலிருந்து நடுவுக்கு வந்தாள். ஒரு எட்டுத்தான். அங்கே வந்து நின்றதும் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"இஸ் மிஷ செல்வமலர்," என்றாள். நான் செல்வமலர். அதைச் சொன்னதும் மற்றது தானாக வந்தது. வேலையில் நான் என்று சொல்கிறபோது அது நானில்லை, இப்போது சொல்வது நான்தான் என்றாள். காலையில் ஹவுகெட்டோவில் வேண்டுமென்றே ஒரு ரயிலைப் போகவிடுவேன், அடுத்தது வரும்வரை பெஞ்சில் சும்மா இருப்பேன், அது யாருக்கும் தெரியாது என்றாள். எனக்கு ஒரு கணவர் இருக்கிறார், கோயிலில் பாடுகிறார், சுருதி ஒரு பக்கம் போகும், அவர் மறுபக்கம் போவார், எனக்கு அது மிகவும் விருப்பம், அதுவும் அவருக்குத் தெரியாது என்றாள். வட்டத்தில் இருந்தவர்கள் வெடித்துச் சிரித்து, ஒரே நேரத்தில் றெஜினோல்ட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எதற்கும் இருக்கட்டும் என்று தானும் சிரித்தார். கடைசியில் மலர் இரண்டு கைகளாலும் தன் தோள்களைத் தட்டிக் காட்டி, "தா ஆஹஸ் ஒரம்" என்றாள். சந்தோசம் என் மேல் இருக்கிறது. க்ரோன்யா கண்ணைத் துடைத்தாள்.

விருந்தினர் எல்லோரும் முகத்தை உயர்த்திக் காத்திருந்தார்கள், நோர்வே மொழிக்காக. க்ரோன்யாவும் புருவத்தை உயர்த்தினாள்.

மலருக்கு வாக்கியங்கள் ஆயத்தமாகவே இருந்தன. நோர்வே மொழியிலும் இருந்தன, தமிழிலும் இருந்தன. அதுதான் அவள் தொழில். அவள் புன்னகையோடு நோர்வே மொழியில் சொன்னாள்: "மொழிபெயர்ப்பாளருக்கு இப்போது இடைவேளை." பிறகு சட்டியைப் பார்க்கப் போனாள்.

தேத்தண்ணி மேசையருகே றெஜினோல்ட் கோப்பையோடு வந்து ஒட்டிக்கொண்டார். "என்னெண்டப்பா சொன்னனீர்? எல்லாரும் என்னைத்தான் பாத்தவை."

"நல்லதுதான் சொன்னனான்."

"நல்லதெண்டா ஏன் சிரிச்சவை?"

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

"சொல்லுமன்."

"வேண்டாமப்பா."

அவர் கோப்பையைக் குடித்துவிட்டு ராகவனிடம் போனார். ராகவன் இரண்டு கையையும் விரித்தான். "அங்கிள், எனக்கு கிராமர் அவ்வளவு வராது." க்ரோன்யாவிடம் போனார். அவள் உதட்டில் விரலை வைத்து, பிஸ்கட் தட்டை நீட்டினாள். புறப்படும்போது எல்லோரும் "ஸ்லான் அவாலிய" என்றார்கள், பத்திரமாக வீடு போய்ச் சேர் என்று. மலர் "போட்டு வாறன்" என்றாள். அதை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்கவில்லை.

தெருவில் நடக்கும்போது அவர் மறுபடி தொடங்கினார். "கடைசியிலை தோளிலை தட்டினனீர். குளிரோ?"

"இல்லை."

"அப்ப என்ன? என்ரை பாட்டைப் பற்றி ஏதும் சொன்னனீரோ?"

"சொல்லமாட்டன்," என்றாள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. தெருவில் அவர் கையைப் பிடித்து எவ்வளவு காலமோ. அவர் கேள்வியை மறந்து கொஞ்ச தூரம் நடந்தார்.

பெரிய நிலையத்து மேடைக்கு இறங்கியபோது அவர்களுடைய ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. றெஜினோல்ட் ஏறக் காலை எடுத்தார்.

"இது போகட்டும்," என்றாள் மலர்.

"ஏன்? இதுதானே எங்கடை ரயில்."

"போகட்டுமன். அடுத்தது வரும்."

அவர் அவளைப் பார்த்தார், ரயிலைப் பார்த்தார். கதவு மூடியது. ரயில் அவர்களை விட்டுவிட்டுப் போனது, மேடை வெறுமையாயிற்று. மலர் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வேலையுமில்லாமல் இருவரும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் கொஞ்சம் கழித்து.

"ம்."

"மலர்." இந்த முறை குரலில் விளையாட்டு இல்லை. கெஞ்சலும் இல்லை. மூன்றாம் முறை தட்டை நீட்டுகிற மரியாதை மட்டும் இருந்தது. "எனக்கு மட்டும் சொல்லும். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நீர் அங்கை நிண்டு கதைக்கேக்கை, ஆரோ வேறை ஆள் மாதிரி இருந்தது. வடிவா இருந்தது. என்ன சொன்னனீர்?"

மூன்றாம் முறை கேட்டால் கொடுத்துவிட வேண்டும். மலர் அவர் முகத்தைப் பார்த்தாள். சொன்னால் இப்போது மகிழ்ந்துபோவார். ஞாயிற்றுக்கிழமை சுருதி பார்த்துப் பாடுவார். அதோடு அந்தப் பாட்டு முடிந்தது. ஆனால் அது மட்டுமல்ல. அந்த நாலு வாக்கியமும் அவள் போட்ட இடத்திலேயே, யாரும் வந்து எடுத்துப்போகாமல், சைக்கிள் கடைக்கு மேலே இன்னும் இருந்தன. அவள் இல்லாதபோதும் அங்கே இருக்கும். தோளில் அந்தக் கனம் இன்னும் இருந்தது. பக்கத்தில் அவர் தோள் சூடாக இருந்தது. அதிலே சாய்ந்துகொண்டாள்.

"இல்லையப்பா," என்றாள் மெதுவாக. "அதைத் தமிழிலை சொல்லமாட்டன்."